சின்ன அறைக்கு மட்டும் குளிர்

சின்ன அறையின் தரை சில்லென்று இருந்தது. தரையைச் சூடாக்கும் பாய்லரைப் பழுது பார்க்க வந்த குவோன் முழங்காலிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். கூடத்தில் வெறுங்காலோடு நடக்கலாம் போலிருந்தது. இங்கே காலுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது.

"பதினோரு நாளா இவர் இங்கதான் படுக்கிறார்," என்றாள் ஹேரிம், கணவன் பக்கம் திரும்பாமலே. "நாலு நாளா ஒரே இருமல். என் தூக்கம் போகுது."

கணவர் வொன்சிக் பக்கத்திலேயே நின்று இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்ட அன்று தொடங்கிய வினை அது. அறுபது கோஸை உப்பில் ஊறவைத்து, காரம் தடவி, ஹேரிமுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வொன்சிக் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, தன் அக்காவின் எதிரிலேயே, அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை என்றார். அப்படியானால் அம்மா வீட்டுக்கே போங்கள் என்றாள் அவள். வீராப்பாகப் படுக்கையைச் சுருட்டியவர், பக்கத்து அறைவரைதான் போனார். அன்றிலிருந்து அவள் கூப்பிடவும் இல்லை, அவர் திரும்பவும் இல்லை.

குவோன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாயில் காற்று அடைத்திருக்கலாம் என்று காற்றைத் திறந்துவிட்டார். ஜன்னல் இடுக்கைத் தடவிப் பார்த்தார். வடக்குச் சுவராக இருக்கலாம் என்றதும் வொன்சிக் அவசரமாகத் தலையாட்டினார். அதேதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மீதி இருந்தது சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிதான். தரைக்கடியில் ஓடும் வெந்நீர் அங்கேதான் அறை அறையாகப் பிரியும்; அறைக்கு ஒரு வால்வு.

"அங்க ஒண்ணும் இருக்காது. பாத்திரம் அடைச்சு வச்சிருக்கேன்," என்ற ஹேரிமின் குரல் சற்று உயர்ந்தது. பிறகு துணி எடுக்கப் பால்கனிக்குப் போய்விட்டாள்.

கிம்ச்சி பிசையும் பெரிய பேசின்கள் நான்கை இழுத்து வெளியே வைத்துவிட்டு குவோன் தலையை உள்ளே நீட்டினார். மூன்று வால்வுகள் திறந்திருந்தன. சின்ன அறையின் வால்வு இறுக்கி மூடியிருந்தது.

முப்பது வருடத்தில் எத்தனையோ வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவர் அவர். வொன்சிக்கை அருகே அழைத்துக் காட்டினார். "தம்பி, வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் இன்னும் தணியல போல."

வொன்சிக்கின் காது சிவந்தது.

"அவ இல்லண்ணே. நான்தான் மூடினேன்."

குவோன் நிமிர்ந்து பார்த்தார்.

"நானா திரும்பிப் போனா மானம் போகும். குளிர் தாங்கலன்னு போனா யார் என்ன சொல்ல முடியும்? 'இங்க வந்து படுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்வான்னு பாத்தேன். அவ உங்களைக் கூப்பிட்டுட்டா. நீங்க அதைத் திறந்துட்டா மார்ச் வரைக்கும் நான் அந்த அறையிலதான்."

நல்ல குழாயைக் கெட்டது என்று குவோன் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் தலை நரைக்கத் தொடங்கிய மனிதர் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பாவமாக இருந்தது. பேசின்களை எடுத்து உள்ளே வைத்தார்.

துணியோடு வந்த ஹேரிமிடம், தரைக்கடியில் குழாய் அடைத்துவிட்டது, தரையை உடைக்கவேண்டும், வசந்தம் வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பொய் பழக்கமில்லாததால் சுவரைப் பார்த்தே சொன்னார்.

"வேற என்ன செய்யறது? பெரிய அறையிலயே வந்து படுக்கட்டும்," என்றாள் அவள் சலிப்பாக. அவள் முடிக்கும் முன்பே வொன்சிக் படுக்கையைச் சுருட்டப் போய்விட்டார்.

வாசலில் குவோன் குனிந்து காலணியை மாட்டினார். மனசாட்சி உறுத்தியது. இந்த அப்பாவிப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று வருந்தினார்.

வழியனுப்ப வந்த ஹேரிம், உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ரொம்ப நன்றிண்ணே. அவரைக் கூப்பிட ஒரு சாக்கு வேணும்னுதான் உங்களை வரச் சொன்னேன். அவர் மூடி வச்சதை நீங்க திறந்துடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."