உதடு ஒட்டாத மன்னிப்பு

வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு கருவி இருந்தது. யாருடைய உதடு அசைகிறதோ, அவர் பெயரில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளும். அதனால் மனதில் உள்ளதைச் சொல்ல எல்லோருக்கும் ஒரு பொம்மை தேவைப்பட்டது. உதட்டை அசைக்காமல் பேசினால், பேசியது பொம்மைதான். பாளையங்கோட்டையில் பேசும் பொம்மை செதுக்கும் சுகிர்தராஜுக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஒருநாள் அந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் பதிவுத்துறையின் அதிகாரி கதிரேசன் பட்டறைக்குள் நுழைந்ததும் சுகிர்தராஜின் கையிலிருந்த உளி நழுவியது.

"பயப்படாதீங்க. எனக்கும் ஒண்ணு வேணும். வீட்டுக்காரிக்கு வந்த வேலை உத்தரவ ஒளிச்சு வச்சுட்டேன். மன்னிப்பு கேக்கணும்."

"நேராக் கேட்டா என்ன சார்?"

"குத்தத்த ஒத்துக்கிட்டதாப் பதிவாயிரும். என் வேலை போயிரும்."

பொம்மை நான்கே நாளில் தயாரானது. கதிரேசனை உதடு அசையாமல் பேசப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உதடு ஒட்டாமல் 'மன்னிப்பு' வரவில்லை, 'தப்பு' வரவில்லை. மனைவி பெயர் பாமா, அதுவும் வரவில்லை. கடைசியில் சுகிர்தராஜே யோசித்து ஒரு வாக்கியம் கொடுத்தார்: "நான் செஞ்சது சரியில்ல."

மறுவாரம் கதிரேசன் பொம்மையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்னாச்சு சார்? சொல்லலியா?"

"சொன்னேன். 'பொம்மை எனக்கு ஒரு துரோகமும் பண்ணலியே'ன்னுட்டா."

"பொறவு?"

"நானே வாயத் திறந்துட்டேன்."

"அய்யோ, வேலை?"

"எனக்குப் போச்சு, அவளுக்குக் கெடச்சிருச்சு" என்றார் கதிரேசன். "இன்னிக்கு மொத நாளு. கொண்டுபோய் விடத்தான் கெளம்புதேன்."