சீனத்துத் தளபதியம்மா

"இந்த வசனத்தை நான் பேச மாட்டேன்."

அன்புச்செல்வி தாளை மேஜைமேல் போட்டாள். மைக்கில் சத்தம் விழக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சின்ன அறையில் மூன்று பேருக்கும் வியர்த்து வழிந்தது.

கேபிள் சேனல் முதலாளி பரசுராமன் பொறுமையாகச் சொன்னார். "ஒரே ஒரு வரிம்மா. 'தங்கள் விருப்பமே என் விருப்பம், மன்னா.' அவ்ளோதான்."

"மாறன் இதையா எழுதினாரு?"

வசனத்தைத் தமிழாக்கும் மாறன் பேனா மூடியைத் திருகினான்.

அது ஒரு சீன சரித்திரத் தொடர். வி.சி.டி.யில் வாங்கி வந்திருந்தார் பரசுராமன். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷைப் பார்த்து மாறன் எழுதுவான். செங்கம் ரோட்டிலிருந்த இந்த அறையிலேயே குரல் கொடுத்து, மத்தியானத்தில் திருவண்ணாமலை முழுக்க ஓட விடுவார்கள்.

கதையில், அப்பா போரில் செத்துப் போனதும் அவருடைய படையை மகளே ஏற்று நடத்துகிறாள். அவளுக்கு அன்புச்செல்வியின் குரல். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போதுகூட, "தளபதியம்மா, சொத்தை இல்லாம பாத்து எடுத்துக்கோங்க" என்கிற அளவுக்கு அது பிரபலம்.

இன்றைய காட்சியில், வாளைக் கொடுத்துவிட்டு அந்தப்புரத்துக்கு வந்துவிடு என்கிறார் சக்கரவர்த்தி. அவள் பதில் சொல்ல வேண்டும்.

"படத்தைப் போடுங்கண்ணா. நீங்களே பாருங்க."

பரசுராமன் போட்டார். திரையில் அந்தப் பெண் தலை குனியவில்லை. கை வாளை இறுக்கிப் பிடித்திருந்தது. பார்வை சக்கரவர்த்தியை விட்டு நகராமல், நீளமாக எதையோ பேசினாள்.

"இந்த மூஞ்சிக்கு 'தங்கள் விருப்பமே என் விருப்பம்'னா கொழந்தைகூட சிரிக்கும். மாறன், நீங்க மொதல்ல எழுதினதைப் படிங்க."

மாறன் தயங்கிக்கொண்டே படித்தான். "எல்லையில் பனியில் கிடந்தபோது நான் ஆணா பெண்ணா என்று எவரும் கேட்கவில்லை, மன்னா. வென்று வந்த பிறகுதான் கேட்கிறீர்கள்."

"இதுல இன்னா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார் பரசுராமன். "ஆனா கம்ப்ளெயின்ட் வருது. பொம்பளை ஜாஸ்தி பேசறாளாம்."

அன்புச்செல்விக்கு முகம் சிவந்துவிட்டது.

"போன வாரம் ஒரு ராணி இன்னொரு ராணிக்குப் பாயசத்துல விஷம் வெச்சா. அதுக்கு எவனாவது கம்ப்ளெயின்ட் பண்ணானா? மாமியாக்காரி மருமகளை வெயில்ல முட்டி போட வெச்சா. அதை மறுபடியும் போடுங்கன்னு கேட்டு வாங்கிப் பாத்தாங்க. பொம்பளை அழுதா பாப்பாங்க, சூழ்ச்சி பண்ணா பாப்பாங்க. ஒருத்தி நிமிந்து நின்னு முடியாதுன்னா மட்டும் வலிக்குதா?"

"மெதுவாம்மா..."

"இன்னா மெதுவா? எங்கியோ சீனாவுல இருக்கறவன் அவளை ஒரு மனுஷியா எழுதிட்டான். நம்ம ஊருக்கு வந்ததும் நீங்க வாயைத் தைக்கறீங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு சகாதேவன் எட்டிப் பார்த்தான். அன்புச்செல்வியின் கணவன். தினமும் டி.வி.எஸ்.ஸில் கூட்டி வந்து, முடியும்வரை வாசலில் காத்திருந்து அழைத்துப் போவான். "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று பரசுராமனின் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"இன்னா சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது? டீ சொல்லட்டுமா?"

"பாருங்க, இவங்க வசனத்தை மாத்தறாங்க."

"அட, எதுக்கு சார் மாத்தறீங்க?" சகாதேவன் சிரித்தான். "அவ சொல்றது நியாயம்தானே? அந்தக் காலம் மாதிரியா?"

பரசுராமன் அவனையே ஒரு கணம் பார்த்தார். சகாதேவன் டீ சொல்லப் போய்விட்டான்.

"கேட்டீங்களாண்ணா? அவருக்குப் புரியுது, உங்களுக்குப் புரியலை. எவனோ ஒருத்தன் மொறைச்சா பயந்துக்கற உங்களுக்கெல்லாம் எதுக்கு ஒரு சேனலு?"

"அப்படிச் சொல்லாதம்மா."

"அப்போ கம்ப்ளெயின்ட் பண்ணது யாருன்னு சொல்லுங்க. நேர்ல போய் நானே கேக்கறேன். சொல்லலைன்னா இந்த நிமிஷமே கெளம்பறேன். வேற ஆளை வெச்சுப் பேசிக்கோங்க."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

பரசுராமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்து உன் வீட்டுக்காரர் தனியா வந்திருந்தாரும்மா. 'இங்க அந்த வசனத்தைப் பேசிட்டு வந்து, வீட்லயும் அதே கொரல்ல பேசறா. வசனத்தைக் கொறைங்க. இல்லன்னா இனிமே அனுப்ப மாட்டேன்'னாரு. ஒரு வரி போனா போவுது, உன் வேலை போவக் கூடாதேன்னுதான் நான்..."

மாறன் தலை நிமிரவே இல்லை. வெளியே டீக்கடைக்காரரிடம் சகாதேவன் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

அன்புச்செல்வி சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மாறன் எழுதினதையே போடுங்கண்ணா. வீட்ல நான் பேசிக்கறேன்."