ஒரே ஷிப்ட்

“மெஷினுக்கு என்ன சார் தெரியும்? அது டோக்கன் நம்பரைப் பார்த்து ஷிப்ட் போடுது. நான் ஆளைப் பார்த்துப் போடுறேன்” என்றார் வைத்திலிங்கம்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் பதினோரு வருடமாக ஷிப்ட் லிஸ்ட் போடும் கிளார்க் அவர். இந்த வாரம் மட்டும், சோதனைக்காக, மெட்ராஸ் ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் அச்சடித்த லிஸ்ட் ஓடியது. அது தேறிவிட்டால் வைத்திலிங்கத்துக்கு மெட்ராஸ் மாற்றல்.

அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பொன்னம்மாள் ஆண்டிமடத்தில் டீச்சர்; வேலையை விட்டு வர முடியாது. ஆபீஸில் எல்லோரையும் முறைக்கிற மனுஷன், அவள் கையால் காபி வராமல் பேப்பரைக்கூடப் பிரிக்க மாட்டார்.

மேனேஜர் அய்யம்பெருமாள் விடவில்லை. “நானூறு பேருக்கு லிஸ்ட் போட நீங்க பென்சிலும் ரப்பருமா ரெண்டு நாள் உக்காருவீங்க. மெஷின் அரை மணி நேரத்துல முடிச்சுடுச்சு. ஒருத்தருக்கும் டபுள் டூட்டி விழலை.”

“வேகம் சரி சார். போர்டைப் பாருங்க. பேக்கிங்ல வீரமுத்து, நம்ம ஆஸ்பத்திரி ஆயா மருதாயி. புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் காலை ஷிப்ட்! வூட்டுல அஞ்சு வயசுப் பையன் இருக்கான். ஒருத்தருக்குக் காலை, ஒருத்தருக்கு மதியம்னு மாத்தி மாத்திப் போட்டு, ஒரு நாள் நான் அவனைத் தனியா விட்டதில்லை. கூப்பிட்டுக் கேளுங்க!”

“கேட்டுடுவோம். அவங்க குறை சொன்னா உங்க லிஸ்ட்தான். மாற்றலும் கிடையாது.”

வைத்திலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

இருவரும் வந்து நின்றார்கள். மருதாயி முந்தானையைத் திருகினாள்.

“பயப்படாம சொல்லும்மா” என்று வைத்திலிங்கமே எடுத்துக் கொடுத்தார்.

“மெஷின் லிஸ்டே இருக்கட்டுங்க சார்.”

“என்னம்மா சொல்றே? புள்ளை?”

“பள்ளிக்கூடம் போறாண்ணே. பக்கத்து வூட்டு அக்கா கிளப்பி விட்டுடுறாங்க. அஞ்சு வருஷமா, வாசல்ல புள்ளையக் கைமாத்திக்கிறதுதான் எங்க குடித்தனம். இவரு வர்றப்ப நான் தூங்கிடுவேன், நான் வர்றப்ப இவரு தூங்கிடுவாரு. இந்த வாரந்தான் எதிரெதிரா உக்காந்து சோறு தின்னோம். இவருக்கு ரசம் புடிக்காதுன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்.”

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நல்லதுன்னு நெனச்சுப் போடுறீங்க. எப்படிண்ணே சொல்றது?”

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “மெஷினுக்குத்தான் மனசு தெரிஞ்சிருக்கு, வைத்திலிங்கம்! இவங்களுக்கு எப்பவும் இப்படியே போடச் சொல்லி இன்னிக்கே எழுதிடுறேன். நீங்க பெட்டியைக் கட்டுங்க.”

வைத்திலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருதாயியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார்.

மெட்ராஸிலிருந்து வந்த மெஷின் லிஸ்டில் வீரமுத்துவுக்குக் காலை, மருதாயிக்கு மதியம் என்றுதான் இருந்தது. மெஷினுக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று, அதைப் பார்த்துப் போர்டில் எழுதும்போது இருவரையும் ஒரே ஷிப்டில் போட்டது வைத்திலிங்கம்தான்.