குறி தவறாத உதை

என் ஆயுசில் நான் உதைத்த உதைகளில் ஒன்றே ஒன்றுதான் குறி தவறாமல் பட்டது. பந்தில் அல்ல, சத்தியநேசனின் வலது மணிக்கட்டில். கல்லூரியின் எப்.ஏ. பரீட்சைக்கு அப்போது ஆறு நாள் இருந்தது.

பாளையங்கோட்டை மைதானத்தில் பயிற்சி ஆட்டம். அவன் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் தலைவன், கோலைக் காப்பவன். நான், ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்ளப்படுகிறவன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் முனகக்கூட இல்லை.

மைதானத்தில் ஆயத்தமாக நிற்பவன் பரீட்சைக்கும் ஆயத்தமாக இருப்பான் என்பது எங்கள் பிரின்சிபாலின் சித்தாந்தம். அதற்கு அத்தாட்சி சத்தியநேசன். நேர்மாறாக ஒருவனைக் காட்ட வேண்டியிருந்தால் என்னைக் காட்டுவார்.

சாத்தான்குளத்தில் சபை உபதேசியாராக இருந்த அவன் தகப்பனார் நேசையா, பரீட்சையில் தோற்றால் வீட்டுப் படி ஏறாதே என்று முன்பே கடிதம் எழுதியிருந்தார். ஓடி வந்தவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் கலங்கிப்போய், கர்த்தர் சித்தம், அடுத்த வருஷம் எழுது என்று மகனைத் தேற்றினார். என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்று ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பேன்.

பரீட்சைக்குப் போனேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு தினமும் விடுதிக்குப் போய், அடுத்த வருஷத்துக்காக அவனுக்குப் பாடம் வாசித்துக் காட்டினேன். அவனுடைய சரித்திரப் புத்தகம் சீமையில் அச்சானது. கடையிலிருந்து வந்தபடியே தாள்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டியிருந்தன. பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து வாசித்தேன். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். கோபமா என்று கேட்டால், பைய வாசி என்பான். அவ்வளவுதான்.

முடிவு வந்தது. நான் மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தேன். பிரின்சிபால் பட்டியலை இரண்டு தடவை பார்த்தாராம்.

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. நேரே அவனிடம் போனேன்.

"ஏலே, உனக்கு வரவேண்டியத நாந்தான் கெடுத்துட்டேன். ஒரு தடவ ஏசித் தொலையேன்."

கட்டு அவிழ்த்த கையை அவன் மடக்கி, நீட்டிப் பார்த்தான்.

"நீ எதுக்குலே கெடந்து உருகுத? அந்தப் புஸ்தகத்த மொதல்ல பிரிச்சவனே நீதான். உன் காலு வாரதப் பாத்துட்டுத்தான் நான் கைய வச்சேன்."