ஹெப்பகோடிப் புள்ளி

"சார், இந்தக் கட்டை எங்கேருந்து வந்தது? அதை மட்டும் சொல்லிடுங்க."

எத்திராஜ் பாக்குப் பொட்டலத்தை மடித்தார். அடுகோடியில் மரக்கடை போட்ட நாளிலிருந்து வாங்க வருபவர்களிடம் அவர் வாய் திறக்காத விஷயம் அது ஒன்றுதான். சொன்னால், அடுத்த வாரம் அந்த ஆளே லாரியோடு அங்கே போய் நிற்பான்.

"தேக்கு பாருங்க மேடம். இது பட்டுப்போன பலா. வெறகுக்குக்கூட யோசிப்பாங்க."

"மரம் வேணாம் சார். அதுமேல இருக்கறதுதான் வேணும்."

பட்டை முழுக்க மிளகைக் கொட்டியது போலக் கறுப்புக் குமிழ்கள். தெருவோடு போன தாரணி அதைக் கண்டுதான் உள்ளே வந்திருந்தாள். செத்த மரத்தில் வளரும் பூஞ்சைகளில் எது எந்த ஊரில் இருக்கிறது என்று மேப்பில் புள்ளி வைப்பது அவள் வேலையாம். மரக்கடைக்கு வந்து அழுக்கு கேட்கும் வாடிக்கையாளரை எத்திராஜ் இன்றுதான் பார்க்கிறார்.

"புள்ளி வெச்சா என்ன கெடைக்கும்?"

"ஹெப்பகோடி தாண்டி ஒரு பழைய பலாத்தோப்பு இருக்கு சார். வாங்கின பில்டர் கேட்டைப் பூட்டிட்டு உள்ள விடமாட்டேங்கறான். இந்தப் பூஞ்சை ரொம்பப் பழைய தோப்புலதான் வரும். இந்தப் பக்கம் இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. அங்க இருக்குன்னு காட்டிட்டா வெட்ட விடமாட்டாங்க. திங்கட்கிழமை அதிகாரிங்களோட போறோம். ரோட்டுலேருந்து பாத்தா பச்சைப்பசேல்னு நிக்குது, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

பேசிக்கொண்டே பின்னாலிருந்த மர அடுக்கில் சாய்ந்தாள்.

"அங்க உக்காராதீங்க மேடம், பால் ஒட்டிக்கும். தொவைச்சாலும் போகாது."

அதற்குள் அடுக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "பலாங்கறதாலதான் கேக்கறேன் சார். அந்தத் தோப்புக் கட்டைதானே இது?"

வழக்கமாக இந்த இடத்தில் பொய்யாக நாலு ஊர்ப் பெயராவது எத்திராஜின் நாக்கு நுனியில் வரிசை கட்டி நிற்கும். இன்று ஒன்றும் வரவில்லை.

"அதுதான்."

அவள் சிரித்தபோது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சார்?"

"சும்மா எடுத்துட்டுப் போங்க."

"ஒரு தோப்பையே காப்பாத்திட்டீங்க சார்."

கட்டையை அணைத்தபடி அவள் ஆட்டோ ஏறினாள். சுடிதாரின் பின்பக்கம் வெள்ளை வெள்ளையாய்ப் பிசின்.

லோடு இறக்கும் கிருஷ்ணப்பா கிட்டே வந்தார். "ஏன் யஜமான்ரே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? வெலையே சொல்லாம குடுத்தனுப்பறீங்க."

எத்திராஜ் கொட்டகைக் கூரையைத் தொட்டு நின்ற அந்த அடுக்கைப் பார்த்தார். வெட்டு முகங்களில் பால் இன்னும் காயவில்லை.

"ரோட்டோரத்து ஒரு வரிசையை விட்டுட்டு, தோப்பு மொத்தமும் போன வாரமே இங்க வந்து எறங்கிடுச்சே கிருஷ்ணப்பா. அது மேலதான் அந்தப் பொண்ணு உக்காந்து பேசிட்டுப் போவுது. அந்த ஒரு கட்டைக்கு நான் என்னன்னு வெலை சொல்றது?"