முட்டைகளுக்குக் காவல்

மயில்கள் இந்த முறை ஒரு பெண்மயிலைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தன. ஆனால் கூட்டம் கூடினால் பாறைமேல் ஏறிப் பேசுவதெல்லாம் அவள் கணவன்தான்.

ஒருநாள் நரி புதருக்குள் புகுந்து சில முட்டைகளைத் தின்றுவிட்டது. அன்று அவளே பாறைமேல் ஏறினாள்.

"இனிமே ஆளுக்கொரு நாள் காவல் இருப்போம்" என்றாள்.

"அண்ணன் பேசலையா?" என்று கேட்டது ஒரு மயில்.

"தலைவி நான்தானே?"

எல்லா மயில்களும் சிரித்துக்கொண்டே கலைந்தன. கணவனும் அவர்களோடு போய்விட்டான்.

அதன்பிறகு எல்லோருடைய முட்டைகளையும் அவள் ஒருத்தியே காத்தாள். பேச்சுத்துணைக்குக்கூட யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி வந்த நரியைத் தொண்டை கிழியக் கத்தியே விரட்டினாள்.

அந்தச் சத்தம் கேட்டு ஒரு இளம் பெண்மயில் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, நீங்க கொஞ்சம் தூங்குங்க. நான் பாத்துக்கிறேன்."

தலைவி நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.