பெட்டிக்குப் பலகை

மலேசியாவின் ரவாங் மரவாடியில் காலை வெயில் மரத்தூளோடு சேர்ந்து மிதக்கிறது. நேற்று என் கணவர் புனிதன் மேல் உருண்டு அவரைக் கொன்ற மெராந்தி மரம் அறுவை மேடையில் கிடக்கிறது. பட்டையில் அவர் சட்டையின் நீல நூல் ஒட்டியிருக்கிறது. ஆளைக் கொன்ற மரத்தை இங்கே யாரும் அறுப்பதில்லை. சூடம் கொளுத்தி ஒதுக்கிவிடுவார்கள். “வேணாம் முதலாளி, அறுக்காதீங்க,” என்று கும்பிடுகிறேன். “நல்ல மரம் லா வேலம்மா, வீணாக்க முடியுமா? அவன் சவப்பெட்டிக்கும் இதுலயே பலகை தர்றேன், சும்மாவே,” என்கிறார் முதலாளி கதிரவேலு. வேலையாட்கள் கைகட்டி விலகி நிற்க, அவரே விசையை அழுத்துகிறார். ரம்பம் அலறுகிறது. முதல் பலகை சிவப்பாகச் சரிகிறது. டேப்பை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். “ஒம் புருசன் என்னா ஒசரம்?” என் கை, என்னை அறியாமல், என் தலைக்கு மேல் எழுகிறது.